இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? நீங்களே கணக்கிடும் வழி

டிக்கெட்டில் இப்படி இருக்கும்: லண்டனில் காலை 11 மணிக்குப் புறப்பாடு, நியூயார்க்கில் பிற்பகல் 2 மணிக்கு வருகை. திரும்பி வரும் டிக்கெட்டில் நியூயார்க்கில் மாலை 6 மணிக்குப் புறப்பாடு, லண்டனில் மறுநாள் காலை 6 மணிக்கு வருகை. போக மூன்று மணி நேரம், வரப் பன்னிரண்டு மணி நேரம் என்று முதல்முறை பயணம் செய்பவர் நினைத்துவிடலாம். உண்மை நேர்மாறானது. போவதற்குத்தான் கூடுதல் நேரம், ஏறக்குறைய 8 மணி. வருவதற்கு 7 மணி போதும்.

தூரம், பறக்கும் நேரம், கடிகார நேரம் மூன்றையும் ஒன்றாகப் போட்டுப் பார்ப்பதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. தூரம் மாறாதது. பறக்கும் நேரம் காற்றையும் வழித்தடத்தையும் பொறுத்து நாளுக்கு நாள் மாறும். கடிகாரம் அந்தந்த நாட்டுச் சட்டம் சொல்கிறபடி ஓடுகிறது. மூன்றையும் தனித்தனியாக, இதே வரிசையில் எடுத்துக்கொண்டால், ஒரு கால்குலேட்டரை வைத்துக்கொண்டே எந்த இரண்டு நிலையங்களுக்கும் பயண நேரத்தை நம்பத்தக்க அளவில் சொல்லிவிடலாம். இணையத்தில் ஒரு நொடியில் விடை தரும் கருவிகள் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். அந்தக் கருவிகள் எந்தத் தூரத்தையும் எந்த நேரத்தையும் சொல்கின்றன என்பதைத் தெரிந்துகொள்ளத்தான்.

முதல் படி: நிலையத்தைச் சரியாக அடையாளம் காணுங்கள்

ஊர்ப் பெயரை வைத்துத் தேடாதீர்கள். லண்டன் என்றால் ஹீத்ரோவா, காட்விக்கா, ஸ்டான்ஸ்டெட்டா? டோக்கியோ என்றால் நகரை ஒட்டியிருக்கும் ஹனேடாவா, நகர மையத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நரிட்டாவா? ஆஸ்திரேலியாவில் ஒரு சிட்னி இருக்கிறது. கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலும் விமான நிலையத்தோடு ஒரு சிட்னி இருக்கிறது. பெயரை மட்டும் பார்த்து டிக்கெட் எடுத்து, வேறு கண்டத்தில் போய் இறங்கியவர்கள் உண்டு.

இதைத் தவிர்க்கத்தான் ஒவ்வொரு நிலையத்துக்கும் விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டா தரும் மூன்றெழுத்துக் குறியீடு இருக்கிறது. ஹீத்ரோவுக்கு எல்.எச்.ஆர்., நியூயார்க்கின் கென்னடி நிலையத்துக்கு ஜே.எஃப்.கே., சிங்கப்பூர் சாங்கிக்கு எஸ்.ஐ.என். டிக்கெட்டிலும் பெட்டியில் ஒட்டும் சீட்டிலும் இருப்பது இதுதான். விமானிகளும் கட்டுப்பாட்டு அறையினரும் ஐ.நா.வின் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் நான்கெழுத்துக் குறியீட்டைப் பயன்படுத்துகிறார்கள். விமானத்தைப் பின்தொடரும் தளங்களில் அது தென்பட்டால் மிரள வேண்டாம். சில மூன்றெழுத்துக் குறியீடுகள் ஊர் முழுவதையும் குறிப்பவை. எல்.ஓ.என். என்று போட்டால் லண்டனின் எல்லா நிலையங்களும் வந்துவிடும். தூரம் பார்க்க அது உதவாது.

இரண்டாம் படி: நேர்த்தூரம்

உருண்டையான பூமியின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே மிகக் குறுகிய பாதை, அந்த இரண்டையும் தொட்டுப் பூமியைச் சரிபாதியாக வெட்டும் வட்டத்தின் ஒரு வில். இதைப் பெருவட்டத் தூரம் என்பார்கள். தளங்களில் நீங்கள் காணும் விமானத் தூரம் அநேகமாக இதுதான். வீட்டில் பூகோள உருண்டை இருந்தால் ஒரு நூலை இரண்டு ஊர்களுக்கு நடுவே இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் தானாகவே இந்தப் பாதையில் போய் உட்காரும்.

தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தால் ஏமாந்துவிடுவோம். நியூயார்க்கும் மாட்ரிட்டும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், 40 டிகிரி வடக்கில் இருக்கின்றன. நேர் கிழக்கே கோடு போட்டாற்போலப் போவதுதான் குறுக்கு வழி என்று தோன்றும். அப்படிப் போனால் சுமார் 5,930 கிலோமீட்டர். பெருவட்டப் பாதை வடக்கே வளைந்து 46 டிகிரி வரை ஏறி இறங்குகிறது. அதன் நீளம் சுமார் 5,760 கிலோமீட்டர்தான். இருக்கைத் திரையில் விமானம் சுற்றிக்கொண்டு போவதாகத் தெரிந்தால் கவலை வேண்டாம். அதுதான் நேர்வழி.

கையால் கணக்கிட ஒவ்வொரு நிலையத்துக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டும் தேவை. ஹீத்ரோ: 51.47 வடக்கு, 0.45 மேற்கு. கென்னடி: 40.64 வடக்கு, 73.78 மேற்கு. தீர்க்கரேகைகளின் வித்தியாசம் 73.33 டிகிரி. இனிச் செய்ய வேண்டியது இவ்வளவுதான்.

1. இரண்டு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்குங்கள். 0.782 × 0.651 = 0.509.

2. இரண்டு அட்சரேகைகளின் கொசைன் மதிப்புகளையும், தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைனையும் பெருக்குங்கள். 0.623 × 0.759 × 0.287 = 0.136.

3. இரண்டையும் கூட்டுங்கள். 0.645. இதன் நேர்மாறு கொசைன் 49.83 டிகிரி.

4. ஒரு டிகிரிக்கு 111.19 கிலோமீட்டர் என்று பெருக்குங்கள். 5,540 கிலோமீட்டர்.

அந்த 111.19, பூமியின் சராசரி ஆரம் 6,371 கிலோமீட்டர் என்பதிலிருந்து வருகிறது. பூமி முழு உருண்டை அல்ல. நிலநடுக்கோட்டில் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357. ஆகவே துல்லியமான நீள்கோள முறையில் கணக்கிடும் தளங்கள் இதிலிருந்து சற்று விலகிய எண்ணைக் காட்டும். ஹீத்ரோ – கென்னடி தூரத்தை 5,555 கிலோமீட்டரை ஒட்டிக் காட்டுவது அதனால்தான். இரண்டு தளங்கள் இரண்டு எண்களைக் காட்டினால் ஒன்று தவறு என்று முடிவு கட்ட வேண்டாம். பிசகு அரை சதவீதத்துக்கு மேல் போகாது. பயண நேரத்தில் அது சில நிமிடங்கள்தான்.

பெரிய பிசகுகள் வேறு இடங்களிலிருந்து வருகின்றன. 51 டிகிரி 28 நிமிடம் என்பதை 51.28 என்று எழுதிவிடுவார்கள். நிமிடத்தை 60-ஆல் வகுத்தால்தான் தசமமாகும், சரியான எண் 51.47. அடுத்தது திசை. தெற்கையும் மேற்கையும் கழித்தல் குறியோடு எழுத வேண்டும்; மறந்தால் ஒரு நிலையம் பூமியின் மறுபக்கம் போய்விடும். கணினி விரிதாளில் செய்பவர்கள் டிகிரியை, விரிதாள் எதிர்பார்க்கும் கோண அலகான ரேடியனாக மாற்றிக் கொடுக்க வேண்டும். விடை 20,000 கிலோமீட்டரைச் சொல்லும்படியாகத் தாண்டினால் மறுபேச்சில்லை, எங்கோ தவறு. பூமியில் எந்த இரண்டு இடங்களும் அதற்கு மேல் விலகியிருக்க முடியாது.

அலகிலும் கவனம் வேண்டும். வெறும் மைல் என்று போட்டிருந்தால் தரை மைல், அதாவது 1.609 கிலோமீட்டர். விமானத்துறை பேசுவது கடல் மைலில், அது 1.852 கிலோமீட்டர். இரண்டையும் மாற்றிக்கொண்டால் தூரம் 15 சதவீதம் பிசகும்.

மூன்றாம் படி: விமானம் உண்மையில் போகும் தூரம்

பெருவட்டத் தூரம் குறைந்தபட்சத் தூரம். விமானம் அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே பறக்கும். காற்றின் திசைக்கு ஏற்ப ஓடுபாதையிலிருந்து எழும்பித் திரும்ப வேண்டும், வகுத்துக் கொடுத்த வான்வழிகளில் போக வேண்டும், இறங்குவதற்கு வரிசையில் காத்திருக்க வேண்டும். ஐகாவோ தன் கார்பன் உமிழ்வுக் கணிப்பானில் இதற்கென்று ஓர் எளிய திருத்தம் வைத்திருக்கிறது. நேர்த்தூரம் 550 கிலோமீட்டருக்குள் என்றால் 50 கிலோமீட்டர் கூட்டு. 550 முதல் 5,500 வரை 100. அதற்கு மேல் 125. சாதாரணப் பயணங்களுக்கு இதையே நீங்களும் வைத்துக்கொள்ளலாம். நம் எடுத்துக்காட்டு 5,540 + 125 = 5,665 கிலோமீட்டர் ஆகிறது.

இந்தத் திருத்தம் போதாத வழித்தடங்களும் உண்டு. 2022-இல் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்டபோது, ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு 9 மணிச் சொச்சத்தில் போய்க்கொண்டிருந்த விமானங்களுக்கு 13 மணி நேரம் பிடித்தது. தூரம் தேடும் தளத்தில் அந்த இரண்டு ஊர்களுக்கான எண் ஒரு கிலோமீட்டர்கூட மாறவில்லை. போர் நடக்கும் இடங்கள், மூடிய வான்வெளிகள் இருக்கும் திசையில் போகிறீர்கள் என்றால் கணக்கை நம்பாதீர்கள். அந்த விமானம் கடந்த வாரம் போன பாதையைப் பாருங்கள்.

நிலமும் வழியை மாற்றும். திபெத் பீடபூமியின் சராசரி உயரம் 4,500 மீட்டருக்கும் மேல். விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்துவிட்டால் உடனே 3,000 மீட்டர் அளவுக்கு இறங்க வேண்டும். அங்கே இறங்க இடமில்லை. அதனால் பெரும்பாலான வழித்தடங்கள் அதை விலக்கிப் போகின்றன. பெருங்கடல்களின் மேல் இரட்டை எஞ்சின் விமானங்கள், ஒரு எஞ்சின் நின்றுபோனாலும் குறித்த நேரத்துக்குள் ஏதாவது ஒரு நிலையத்தை எட்டும்படியான பாதையில்தான் பறக்க வேண்டும்.

நான்காம் படி: வேகமும் காற்றும்

எல்லா விமானத்துக்கும் 900 கிலோமீட்டர் என்று போட்டுவிடாதீர்கள். 11 கிலோமீட்டர் உயரத்தில் ஒலியின் வேகம் மணிக்குச் சுமார் 1,062 கிலோமீட்டர். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற நெடுந்தூர விமானங்கள் அதில் 0.85 பங்கு, அதாவது 900 கிலோமீட்டர் வேகத்தில் போகின்றன. குறுகிய, நடுத்தரத் தூரங்களில் ஓடும் போயிங் 737, ஏர்பஸ் ஏ320 வகைகள் 0.78 பங்கு, 830 கிலோமீட்டர். விசிறி வைத்த ஏடிஆர் 72 போன்றவை 500 கிலோமீட்டர்தான். எந்த விமானம் என்பது முன்பதிவுப் பக்கத்திலேயே போட்டிருக்கும்.

இந்த வேகம் காற்றோடு ஒப்பிட்ட வேகம். தரையை வைத்துப் பார்த்தால், பின்னாலிருந்து தள்ளும் காற்றைக் கூட்ட வேண்டும், எதிர்க்காற்றைக் கழிக்க வேண்டும். இங்கேதான் நேரத்தின் பெரிய மர்மம் அவிழ்கிறது. நடு அட்சரேகைகளில், விமானங்கள் பறக்கும் அதே உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் ஸ்ட்ரீம் என்னும் பலத்த காற்றோட்டம் ஓடுகிறது. குளிர்காலத்தில் அது இன்னும் வலுக்கும். லண்டனிலிருந்து நியூயார்க் போவதற்கு அது எதிர்க்காற்று, திரும்பும்போது பின்காற்று. 2020 பிப்ரவரியில் சியாரா புயலின்போது நியூயார்க்கிலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் லண்டன் வந்து சேர்ந்தது. தரையை வைத்துப் பார்த்த அதன் வேகம் மணிக்கு 1,327 கிலோமீட்டர் வரை போனது. ஆனாலும் அது ஒலியின் வேகத்தைத் தாண்டவில்லை. தன்னைச் சுற்றியிருந்த காற்றுக்குள் அது வழக்கமான வேகத்தில்தான் பறந்துகொண்டிருந்தது.

பூமி சுழல்வதால்தான் ஒரு திசையில் சீக்கிரம் போகிறோம் என்று பலர் நம்புகிறார்கள். அது சரியல்ல. காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது. கிளம்பும் முன்பே விமானமும் அதோடு சுழன்றுகொண்டுதான் இருக்கிறது. வித்தியாசத்தை உண்டாக்குவது காற்று மட்டுமே.

கணக்குக்கு எந்த எண்ணை எடுப்பது? நடு அட்சரேகைகளில் கிழக்கு மேற்காகப் போகும் நெடும்பயணத்துக்குக் காற்றின் வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுச் சராசரிக்கு நெருங்கி வரும். வடக்கு தெற்காகப் போனாலோ, நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதியிலேயே பறந்தாலோ காற்றை விட்டுவிடுங்கள்.

நம் எடுத்துக்காட்டில் 900-இலிருந்து அந்த 90-ஐக் கழித்தால் 810, கூட்டினால் 990. மேற்கே போகும்போது: 5,665 ÷ 810 = 7 மணி நேரம். கிழக்கே வரும்போது: 5,665 ÷ 990 = 5 மணி 43 நிமிடம். மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் வேகம் குறைவு என்பதால் இரண்டிலும் 20 நிமிடம் கூட்டுங்கள். சிறிய விமானங்களுக்கு 15 போதும். இப்போது வானில் இருக்கும் நேரம் 7 மணி 20 நிமிடம், 6 மணி 3 நிமிடம் என்று வந்துவிட்டது.

குறுகிய பயணங்களில் இந்த ஏற்ற இறக்க நேரம் கணிசமான பங்கு. 500 கிலோமீட்டர் தூரத்தை 830-ஆல் வகுத்து 36 நிமிடத்தில் போய்விடலாம் என்று நினைப்பவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள். திருத்தத்தோடு 550 கிலோமீட்டர், 40 நிமிடம், ஏற்ற இறக்கத்துக்கு 15. ஆக 55 நிமிடம்.

ஐந்தாம் படி: எந்த நேரத்தைக் கேட்கிறீர்கள்?

வானில் இருக்கும் நேரம் டிக்கெட்டில் இருக்காது. டிக்கெட்டில் இருப்பது, விமானம் கேட்டை விட்டு நகர்வதிலிருந்து மறுமுனையில் கேட்டில் வந்து நிற்பது வரையான நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, அங்கே காத்திருப்பது, இறங்கியபின் ஊர்ந்து வருவது எல்லாம் அதில் சேரும். சிறிய நிலையங்களில் இரண்டு முனையும் சேர்த்து 15 நிமிடம், ஹீத்ரோ, கென்னடி போன்ற நெரிசலான இடங்களில் 35 அல்லது அதற்கு மேலும். 35 என்று கூட்டினால் மேற்கே 7 மணி 55 நிமிடம், கிழக்கே 6 மணி 38 நிமிடம்.

டிக்கெட்டில் 8 மணியும் 7 மணியும் இருக்கும். மிச்சம் இருப்பது விமான நிறுவனம் தாமதத்துக்காக முன்கூட்டியே சேர்த்துவைக்கும் நேரம். தாமதமாகக் கிளம்பிய விமானம் சரியான நேரத்துக்கு வந்து சேர்வதும், சில நாட்களில் 20 நிமிடம் முன்னதாகவே இறங்குவதும் இதனால்தான்.

இந்த வேறுபாட்டுக்குச் சட்ட மதிப்பும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ஆம் ஆண்டின் 261-ஆம் விதி, தாமதத்துக்கான இழப்பீட்டை 1,500, 3,500 கிலோமீட்டர் என்ற தூர எல்லைகளை வைத்துப் பிரித்தது. அளக்கும் முறை பெருவட்டம்தான். வழியில் விமானம் மாறினாலும், ஒரே முன்பதிவில் தொடக்க நிலையத்துக்கும் கடைசி நிலையத்துக்கும் உள்ள நேர்த்தூரத்தையே எடுக்க வேண்டும் என்று அந்த ஒன்றியத்தின் நீதிமன்றம் 2017-இல் சொன்னது. வந்து சேர்ந்த நேரம் எது என்பதற்கும் 2014-இல் ஒரு தீர்ப்பு இருக்கிறது: சக்கரம் தரையைத் தொட்ட நேரம் அல்ல, விமானத்தின் ஒரு கதவாவது திறந்த நேரம். தாமதமான விமானத்தில் இருந்தால் கதவு திறக்கும்போது மணி பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: கடிகாரம்

டிக்கெட்டில் புறப்பாடும் வருகையும் அந்தந்த ஊர் நேரத்தில் இருக்கும். இரண்டையும் நேராகக் கழிக்கவே கூடாது. முதலில் இரண்டையும் யுடிசி என்னும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றுங்கள், பிறகு கழியுங்கள். விரல்விட்டு எண்ணிக் கூட்டிக் கழிப்பதைவிட இந்த வழி எவ்வளவோ பாதுகாப்பானது.

டோக்கியோவில் மாலை 5 மணிக்குக் கிளம்பும் விமானம் லாஸ் ஏஞ்சலஸில் அதே நாள் காலை 10 மணிக்கு இறங்கும் என்று வைத்துக்கொள்வோம். கிளம்புவதற்கு முன்பே போய்ச் சேர்ந்தது போல் தெரியும். டோக்கியோ யுடிசியைவிட 9 மணி முன்னே. ஆக மாலை 5 என்பது யுடிசி காலை 8. லாஸ் ஏஞ்சலஸ் குளிர்காலத்தில் 8 மணி பின்னே. காலை 10 என்பது யுடிசி மாலை 6. பயண நேரம் 10 மணி. தேதிக்கோட்டைத் தனியே நினைவில் வைக்கத் தேவையே இல்லை, யுடிசி அதையும் பார்த்துக்கொள்ளும். எதிர்த்திசையில் வந்தால் வருகை நேரத்தின் பக்கத்தில் +1 என்று போட்டிருக்கும். மறுநாள் என்று பொருள். வரவேற்க வருபவருக்கும், தங்குமிடம் பதிவு செய்யும்போதும் தேதியைச் சரியாகச் சொல்லுங்கள். அதிகம் தவறு நடக்கும் இடம் இதுதான்.

எல்லா நாடுகளும் முழு மணி வித்தியாசத்தில் இல்லை. இந்தியாவும் இலங்கையும் ஐந்தரை மணி முன்னே, நேபாளம் ஐந்தே முக்கால். கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தும் நாடுகளும் ஒரே நாளில் அதைச் செய்வதில்லை. அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறு, பிரிட்டன் மார்ச் கடைசி ஞாயிறு. நடுவில் உள்ள வாரங்களில் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் 5 மணி அல்ல, 4 மணி நேர வித்தியாசம்தான். அந்த நாட்களில் பயணம் என்றால் இன்றைய வித்தியாசத்தை வைத்துக் கணக்குப் போடாமல், பயணத் தேதிக்கு உரியதைப் பாருங்கள்.

விமானம் மாறிப் போவதானால்

ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாகக் கணக்கிட்டு, நடுவில் காத்திருக்கும் நேரத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு ஊர்களுக்கு நடுவே உள்ள நேர்த்தூரத்தை வைத்து மொத்த நேரத்தை ஊகிக்க முடியாது. வழியில் மாறும் நிலையம் பெருவட்டப் பாதையை விட்டு எவ்வளவு விலகி இருக்கிறதோ அவ்வளவு கூடும். இரண்டு மூன்று வழிகள் இருந்தால், கட்டங்களின் தூரத்தைக் கூட்டி நேர்த்தூரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 10 சதவீதம் கூடினால் பொருட்படுத்த வேண்டாம். 40 சதவீதம் என்றால் மலிவான டிக்கெட்டுக்காகக் கூடுதலாக எத்தனை மணி நேரம் இருக்கையில் உட்காரப் போகிறீர்கள் என்பதைத் தெரிந்தே எடுங்கள்.

ஒரே விமான எண்ணில் போனாலும் நடுவில் ஓரிடத்தில் இறங்கிக் கிளம்புவது உண்டு. தேடும்போது எங்கும் நிற்காத விமானம்தானா என்று நிறுத்தங்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். இடைநில்லாமல் போகும் நெடும்பயணங்களில் சிங்கப்பூர் – நியூயார்க் கென்னடி தடம் 15,349 கிலோமீட்டர், டிக்கெட்டில் 19 மணி நேரத்தை ஒட்டி. மறுகோடியில், ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவுகளில் வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேக்குத் தூரம் 2.7 கிலோமீட்டர், கால அட்டவணையில் 2 நிமிடம். நம் சூத்திரம் இந்த இரண்டாவதற்குச் செல்லாது. 150 கிலோமீட்டருக்குக் கீழே போனால் நேராக அட்டவணையைப் பார்ப்பதே நல்லது.

சரிபார்க்க

கணக்குப் போட்டபின் ஃப்ளைட்ரேடார்24 அல்லது ஃப்ளைட்அவேர் தளத்தில் அந்த விமான எண்ணைப் போட்டு, அண்மையில் பறந்த நாட்களின் விவரத்தைப் பாருங்கள். புறப்பட்ட நேரம், இறங்கிய நேரம், போன பாதை எல்லாம் கிடைக்கும். ஒரு நாளை மட்டும் பார்க்காமல் ஒரு வாரத்தையாவது பாருங்கள். காற்று ஒரே வாரத்துக்குள் நேரத்தை அரை மணி அளவுக்கு அசைத்துவிடும். ஜனவரியில் போகப் போகிறவர் ஜூலை மாத நேரத்தை நம்பியிருக்க வேண்டாம். அடுத்த விமானத்தைப் பிடிக்க வேண்டியவர், அந்த வாரத்தில் மிகத் தாமதமாக வந்த நாளை எடுத்துக்கொண்டு நடுவில் இடைவெளி விடுங்கள். தனித்தனியாக எடுத்த இரண்டு டிக்கெட்டுகள் என்றால், குடியேற்றச் சோதனை, பெட்டி எடுப்பது, மறுபடி பெட்டியை ஒப்படைப்பது எல்லாவற்றுக்கும் சேர்த்துக் குறைந்தது நான்கு மணி நேரம் விடுவேன். நிலையமே மாற வேண்டியிருந்தால் நான்கு மணியும் போதாது. நடுவே உள்ள சாலைப் பயணத்தையும் தனியாகக் கணக்கிட்டுக் கூட்டுங்கள்.